பச்சை ரிப்பன் கேக்

கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் இருந்தது. பிற்பகல் மூன்று மணி. லிங்கராஜபுரத்தில் எங்கள் சந்துக்குள் தண்ணீர் லாரி வருகிற நேரம் அது. லாரிக்கு வழிவிட்டு ஷமீம் பாபி சுவரோரமாக ஒதுங்கி நின்றார். கையில் எங்கள் வீட்டு கேக் டப்பா. அதைச் சுற்றிக் கட்டிய பச்சை ரிப்பன் அவிழ்க்கப்படவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி நகர்ந்ததும் பாபி எங்கள் கேட்டைத் திறந்தார். நான் படுக்கையறைக் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன்.

மங்களூரில் மழைக்காலத்தில், ஓடுபாதை கண்ணில் படுமா படாதா என்ற கடைசி நிமிடம்வரை விமானத்தை இறக்கிப் பார்த்தவன் நான். அப்போதுகூடப் பயந்ததில்லை. நாலு வீடு தள்ளி இருக்கிற ஒரு பெண்மணி கேக்கைத் திருப்பிக் கொண்டுவருகிறார் என்றதும் ஒளிந்துகொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

இந்தத் தொடரில் இதுவரை எழுதியதெல்லாம் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிகிற கதைகள். 'உங்கள் வீட்டம்மாவைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லையே' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வராததற்குக் காரணம் அந்த டப்பாதான்.

விமானங்கள் தரையில் நின்றபோது

கொரோனா வந்து விமானங்களெல்லாம் வரிசையாக, இன்ஜின் வாயில் துணி கட்டிக்கொண்டு நின்றன. சம்பளத்தைப் பாதியாக்கினார்கள். பிறகு பாதியில் பாதி. பைலட் என்றால் வீட்டில் நோட்டு மெஷின் இருப்பதாக நினைக்கிற சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரித்தார்கள். வீட்டுக் கடனும் பெண்ணின் கல்லூரிக் கட்டணமும் அந்தச் சிரிப்பைக் கேட்டு நிற்குமா?

ஆளாளுக்கு ஒரு பக்க வேலை தேடினோம். என் நண்பர் ஒருவர் கம்மனஹள்ளியில் பிரியாணி அடுப்பு வைத்தார். இன்னொருவர் தேவனஹள்ளிப் பக்கம் மனை விற்றார். "மேல இருந்து பாத்து வெச்ச எடம் சார்" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பாராம். வேறொருவர் மீன் தொட்டி செய்து கொடுத்தார். மூளையுள்ளவர்கள் பைலட் பரீட்சைக்கு வானிலைப் பாடம் எடுத்தார்கள்.

நானும் முயன்று பார்த்தேன். ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் 'நெருக்கடியில் நிதானம்' என்று ஆன்லைனில் பேசக் கூப்பிட்டார்கள். யூனிஃபார்ம் போட்டு, தொப்பி வைத்து, நாற்பது நிமிடம் பேசினேன். முடித்த பிறகுதான் மைக் அணைந்திருந்தது தெரிந்தது. ஒரு மாணவன்கூடச் சொல்லவில்லை. என் நிதானம் அன்றைக்கு எங்கே போனது என்று என் மனைவி ஸ்டெல்லாவைக் கேட்டால் சொல்வாள். ஹெட்போன் சுவரில் பட்டு உடைந்தது.

உடைந்த துண்டுகளைப் பெருக்கிக்கொண்டே அவள்தான் சொன்னாள்.

"நான் கேக் போடட்டுமாங்க? போன வருஷம் சாப்பிட்டவங்கெல்லாம் காசு குடுத்து வாங்கிக்கிறேன்னு கேட்டாங்க."

ஸ்டெல்லா கே.ஜி.எஃப். தங்கச் சுரங்க ஊர்க்காரி. அவள் வளர்ந்த மைன்ஸ் குவார்ட்டர்ஸில் யார் வீட்டிலும் கேக் சுடுகிற ஓவன் கிடையாது. டிசம்பரில் தெருவே மாவைக் கலக்கி டின்னில் ஊற்றி, மேலே பெயர்ச் சீட்டு ஒட்டி, ஒரே பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போகும். ஒரு வருஷம் சீட்டு கழன்று டின் மாறிவிட்டது. எவர் வீட்டு முந்திரி எவர் வாயில் என்று இரண்டு குடும்பங்கள் அடுத்த ஈஸ்டர்வரை பேசிக்கொள்ளவில்லையாம். 'ஒருத்தர் வீட்டுக்குன்னு செய்யுறது மாறவே கூடாது' என்பது அவளுக்கு அப்போதே மண்டையில் ஏறிவிட்டது.

யோசனை அவளுடையது. பெயர் என்னுடையது. 'கேப்டன்ஸ் கேக்' என்று வைத்தேன். என் தொப்பியைப் படமாக வரைந்து ஸ்டிக்கர் அடித்தேன். என் பெயருக்கு முன்னால் கேப்டன் என்று சேர்க்காமல் கேஸ் சிலிண்டர்கூடப் பதிவு செய்யமாட்டேன் என்று மகள் கிண்டல் பண்ணுவாள். அது உண்மைதான்.

ஒரே ஒரு சிக்கல். கம்பெனி அனுமதியில்லாமல் வேறு வேலை செய்யக்கூடாது என்று எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தது. அதனால் எல்லாம் ஸ்டெல்லா பெயரில். பழம் நறுக்குவது, டப்பா மடிப்பது, ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பதெல்லாம் நான். யாராவது கேட்டால், "அவளோட ஹாபி" என்பேன்.

ரெண்டு ஜாடி, ரெண்டு கரண்டி

ஸ்டெல்லா இரண்டு விதமாக கேக் போட்டாள். ஒன்றுக்கு உலர்ந்த பழங்களை ஆகஸ்டிலேயே ரம்மில் ஊறப்போடுவாள். இன்னொன்றுக்கு திராட்சைச் சாறும் சாத்துக்குடிச் சாறும். ரம் கேக்குக்குச் சிவப்பு ரிப்பன், மற்றதற்குப் பச்சை.

"எழுதிப் போடலாமே" என்றேன்.

"படிக்கத் தெரியாதவங்களும் வாங்குவாங்க இல்ல? கலர் பாத்தா போதும்."

பச்சைக்கு ஜாடி தனி, கரண்டி தனி, டின் தனி, துடைக்கிற துணிகூடத் தனி. கரண்டிக் காம்பில் பச்சை நூல் சுற்றியிருப்பாள். இதைப் பார்த்து எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. காக்பிட்டில் ஒருவர் பட்டியலைப் படிக்க இன்னொருவர் பதில் சொல்வது வழக்கம். அதே மாதிரி ஒரு பட்டியல் எழுதி, லேமினேட் செய்து, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

"ஜாடி?"

"பச்சை."

"கரண்டி?"

"பச்சை."

"டின்?"

"பச்சை. போதும் நவுருங்க, மாவு எறங்கிடும்."

முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது அப்போதுதான். அந்த இரண்டு டிசம்பரும் நன்றாக இருந்தோம். இருந்தோம் என்று இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

பச்சை ரிப்பனுக்குத்தான் கிராக்கி அதிகம். குழந்தை வைத்திருக்கிறவர்கள், எங்கள் சர்ச்சில் மதுவைத் தொடாத குடும்பங்கள், அப்புறம் ஷமீம் பாபி. பாபியின் மாமனார் ஹஜ் போய்வந்தவர். பல் போய்விட்டது. பாலில் ஊறவைத்து எங்கள் கேக்கைத் தின்பார். ஒரு டப்பா தீர்ந்ததும் பாபி கேட் பக்கத்தில் வந்து நிற்பார். "பெரியவருக்கு வேற எதுவும் எறங்க மாட்டேங்குது ஸ்டெல்லாம்மா. இன்னொண்ணு போடு."

இரண்டாவது டிசம்பர் முடிந்து சில மாதங்களில் பெரியவர் காலமானார். கடைசி வாரம்வரை ஃப்ரீசரில் வைத்திருந்த எங்கள் கேக்கைத்தான் கொடுத்ததாக பாபி சொன்னார். ஸ்டெல்லா அழுதுவிட்டாள்.

ஊது

பைலட்டுகள் டியூட்டிக்கு முன்னால் ஒரு சின்ன மெஷினில் ஊத வேண்டும். மூச்சில் துளி மது இருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். அந்த மெஷினுக்குப் பயந்து நாங்கள் வாழ்கிற வாழ்க்கை வெளியாருக்குத் தெரியாது. வாய் கொப்பளிக்கும் மருந்து தொடமாட்டோம். இருமல் டானிக் கிடையாது. ஹோமியோபதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இருந்தால் நான் திருவிருந்தில் திராட்சை ரசக் கிண்ணத்தைக்கூட வாங்கமாட்டேன். பாஸ்டருக்குத் தெரியும், என்னைத் தாண்டிப் போய்விடுவார்.

கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்கள். அது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

மூன்றாவது வருஷம், நவம்பர் கடைசி. அன்றைக்குத்தான் முதல் அடுப்பு. காலையிலிருந்து சிவப்பு ஜாடியிலிருந்து பழத்தை வடித்து எடுத்தோம். மாலையில் எனக்கு ஹூப்ளி விமானம். பழம் கொஞ்சம் மீந்தது.

"மூடி வையுங்க, நாளைக்கு ஆவும்" என்றாள் ஸ்டெல்லா. "டியூட்டி நாள்ல அதத் தொடாதீங்க."

அவள் சொன்னாள். இதை மறுபடியும் எழுதுகிறேன். தொடாதே என்று அவள் சொன்னாள்.

அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு சின்ன டிஃபன் டப்பாவில் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன். தொற்றுக்காலத்துக்குப் பிறகு எல்லோரையும் ஊதச் சொல்வதில்லை, ஆளைப் பொறுக்கித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு வராது என்று ஒரு அசட்டுத் தைரியம். அதோடு, இது பழம்தானே, குடியா என்ன?

கம்பெனி கார் ஹெப்பாள் மேம்பாலத்தில் நின்றுவிட்டது. அந்த நெரிசலில் வேறென்ன செய்வது? டப்பாவைத் திறந்தேன். கார் முழுக்க மணம். டிரைவர் மஞ்சு கண்ணாடியில் பார்த்தார்.

"ஏனு சார் அது, வாசனை ஜோரா இருக்கே."

"பழம் மஞ்சு. ரம்ல ஊறினது. எடுத்துக்கோ."

"பேட சார். வண்டி ஓட்டுறேன்."

கார் ஓட்டுகிறவர் வேண்டாம் என்றார். விமானம் ஓட்டப் போகிறவன் டப்பாவைக் காலி செய்தேன்.

ஏர்போர்ட்டில் என் பெயர் வந்திருந்தது. ஊதினேன். மெஷின் கத்தியது. அங்கிருந்த டாக்டர் சின்னப் பெண், என்னைவிட அவர்தான் பயந்துபோனார். "வாய் கொப்பளிச்சிட்டு உக்காருங்க சார். கொஞ்சம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கலாம்."

உட்கார்ந்தேன். என்னோடு பறக்க வேண்டிய துணை பைலட் நேஹா கதவில் தலையை நீட்டி, எரிபொருள் எவ்வளவு போடச் சொல்லட்டும் என்று கேட்டாள். எத்தனை ஆயிரம் தடவை பதில் சொன்ன கேள்வி அது. "கொஞ்சம் இரும்மா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாவது தடவையும் பூஜ்யம் வரவில்லை.

வேறு கேப்டன் வந்து அந்த விமானத்தை எடுத்துக்கொண்டு போனார். தோளிலிருந்த நாலு பட்டைகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஏர்போர்ட் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு. உரிமம் மூன்று மாதம் போய்விட்டது, அது தெரிந்ததுதான். வேலை?

வீட்டில் பத்துப் பன்னிரண்டு கேக் மேசைமேல் ஆறிக்கொண்டிருந்தது. கையில் மாவோடு வந்த ஸ்டெல்லா, "இன்னாங்க, ஃப்ளைட் கேன்சலா?" என்றாள்.

"எல்லாம் உன் ரம்மாலதான்" என்றேன்.

என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான்.

ஒரு பக்கக் கடிதம்

மறுநாள் காலை நான் தெளிவாக இருந்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். விசாரணையில் 'எப்படி வந்தது' என்று கேட்பார்கள். கேக் வியாபாரம் என்று சொன்னால், அனுமதியில்லாத வேலை என்று இன்னொரு குற்றம் சேரும். தெரிந்தே தின்றேன் என்றால் வீட்டுக்குப் போ என்பார்கள். ஆகவே ஒன்றும் தெரியாதவனாக இருக்க வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் ஸ்டெல்லாவை உட்காரவைத்து ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தேன். நான் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் எழுதினாள். வீட்டு உபயோகத்துக்காக கேக் செய்தேன். பழச்சாறில் ஊறிய பழம் என்றே என் கணவர் நினைத்தார். அவருக்குத் தெரியாமல் அதில் ரம் கலந்தவள் நான்.

பேனா நின்றது.

"நான் சொல்லாமயா கலந்தேன்?"

"எழுது ஸ்டெல்லா. ஒரு ஃபார்மாலிட்டிதான். ஃபைல்ல போட்டு மூடிடுவாங்க."

"பழச்சாறுன்னு சொல்லிட்டு ரம் ஊத்தினேன்னு வருதே. அப்ப பச்சைய இன்னான்னு நெனைப்பாங்க?"

"பச்சையப் பத்தி யாரு இப்ப கேட்டாங்க? எனக்கு வேலை போகப் போவுது, உனக்கு ரிப்பன் கவலை."

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். தேதியை மட்டும் நான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

அவள் கேட்ட கேள்வி எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை. வேலைதான் கண்ணில் தெரிந்தது. இன்றைக்கு அந்த மேசையில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் விளங்குகிறது.

சர்ச் வாசலில்

கடிதத்தோடு விட்டிருந்தால்கூட இத்தனை நாசம் வந்திருக்காது. ஃபைலுக்குள் கிடந்திருக்கும். அதை ஊரில் அவிழ்த்துவிட்டதும் நான்தான்.

வாரக்கணக்கில் வீட்டில் இருந்தால் ஆட்கள் கேட்கத்தானே செய்வார்கள். சர்ச்சில் ஒருவர் தோளில் தட்டி, "என்ன கேப்டன், ஊதச் சொன்னாங்களாமே" என்று கண்ணடித்தார். சுற்றி நாலைந்து பேர். எனக்குச் சுருக்கென்றது. குடிகாரன் என்ற பெயர் வந்துவிடுமோ என்று பயம்.

"அட அத ஏன் கேக்குறீங்க" என்று சிரித்தேன். "எங்க வீட்டம்மா ஜூஸ்னு சொல்லி ரம்ம ஊத்தி வெச்சிட்டா. எனக்கே தெரியல. கம்பெனிக்கு அவளே லெட்டர் எழுதிக் குடுத்திருக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல ஜோக்காகத்தான் எடுபட்டது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேரிடம் அதையே சொன்னேன். இரண்டாம் தடவை கொஞ்சம் மெருகுகூட ஏற்றினேன். ஸ்டெல்லா பெண்கள் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்திருக்குமா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஜோக் எங்கள் சந்துவரை பரவி, அந்த வாரத்திலேயே போன் வர ஆரம்பித்தது. ஒவ்வொன்றும் பச்சை ரிப்பன் வீடு. ஒரு பெண் நாசூக்காக, ஊருக்குப் போகிறோம், இந்த வருஷம் வேண்டாம் என்றார். இன்னொருவர் நேராகவே, "என் பிள்ளைங்களுக்கு ரெண்டு வருஷமா இன்னாத்த குடுத்தே நீ?" என்று கேட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஸ்டெல்லா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து போனை எடுத்து, "இல்லக்கா. உங்களுதுல எதுவும் இல்லக்கா" என்றாள். அந்தப் பக்கம் ஏற்கெனவே வைத்துவிட்டார்கள்.

சிவப்பு ரிப்பன்காரர்கள் யாரும் நிறுத்தவில்லை. அவர்களுக்கு எல்லாமே தமாஷ். 'கேப்டனைக் கவுத்த கேக்' என்று கூடுதலாகவே கேட்டார்கள். ஸ்டெல்லா அவர்களுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

பாபி கேட்டது

இப்போது அந்தப் பிற்பகலுக்கு வருகிறேன். கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஹாலில் இருவரும்.

பாபி உட்காரவில்லை. உட்காரச் சொல்லியும், "இருக்கட்டும்" என்றார். டப்பாவை மேசைமேல் வைத்த சத்தம் கேட்டது.

"ஸ்டெல்லாம்மா, நான் சண்டைக்கு வரல. ஒண்ணு மட்டும் கேக்கணும். எங்க மாமா மவுத்தாகிட்டாரு. கடைசியா அவரு வாய்க்குப் போனது உன் கேக்தான். நான்தான் ஊட்டினேன். அதுல இருந்துச்சா?"

"இல்ல பாபி. என் பொண்ணு மேல சத்தியமா இல்ல. உங்களுதுக்கு ஜாடியே வேற."

"நானும் அப்படித்தான் சொன்னேன். எங்க வீட்டுல எல்லாருகிட்டயும் சொன்னேன், ஸ்டெல்லா அப்படி செய்யுற பொண்ணு இல்லன்னு." கொஞ்சம் நிறுத்தினார். "அப்ப லெட்டருல அப்படி ஏன் எழுதினே? ஜூஸுன்னு சொல்லி சாராயம் கலந்தேன்னு?"

நான் எழுந்திருக்க வேண்டிய இடம் அது. கதவு இரண்டு எட்டு தூரம். திறந்து, 'பாபி, நான்தான் எழுதச் சொன்னேன், அவள் எதையும் கலக்கவில்லை' என்றால் முடிந்தது. ஆனால் பாபி யாரிடமாவது சொல்வார், அது சர்ச்சுக்குப் போகும், அங்கிருந்து கம்பெனிக்குப் போகும் என்று என் மண்டை கணக்குப் போட்டது. விசாரணை முடியாத சமயம். உட்கார்ந்தே இருந்தேன்.

ஸ்டெல்லா பதில் சொல்லவில்லை. கடிதம் பொய் என்றால் என் வேலை போகும். நிஜம் என்றால் அவள் ஒரு பெரியவருக்குக் கடைசிக் காலத்தில் ஆகாததைக் கொடுத்தவள். இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். அவள் வாயை மூடிக்கொண்டு என்னைத் தேர்ந்தெடுத்தாள்.

கடைசியில் பாபி, "சரிம்மா. அல்லாவுக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். செருப்புச் சத்தம் கேட்டது, கேட் சாத்துகிற சத்தம் கேட்டது.

நான் வெளியே வந்தபோது ஸ்டெல்லா ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த பட்டியலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நாலு மூலையிலும் டேப் ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக, நகத்தால் பொறுமையாக எடுத்தாள். அதற்குப் பிறகு இன்றுவரை எங்கள் வீட்டில் கேக் போட்டதில்லை.

பாபி மோசமானவர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அடுத்த ரம்ஜானுக்கும் வழக்கம்போல் பிரியாணி அனுப்பினார். இன்றைக்கும் அனுப்புகிறார். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பதால் ஸ்டெல்லா அதில் சர்க்கரை வைத்து அனுப்புவாள். முன்பெல்லாம் எங்கள் டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி அள்ளிப் போடுவாள். இப்போது கடையில் வாங்கிய பாக்கெட்டை, உடைக்காமல், அப்படியே வைக்கிறாள்.

ஃபைலில் கிடந்த தாள்

மூன்று மாதம் கழித்து மறுபடி பறந்தேன். கடிதம் காப்பாற்றியது என்றுதான் நம்பினேன். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

போன வருஷம் ஓய்வு பெற்றேன். அந்த விசாரணையை நடத்திய அதிகாரி பிரிவு விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எப்படியோ பேச்சு அங்கே வந்தது.

"என் மனைவி எழுதின லெட்டர் நல்ல வேளையா உதவிச்சு சார்" என்றேன்.

"எந்த லெட்டர்?" என்றார் அவர். ஸ்பூனைக் கீழே வைத்து யோசித்தார். "அதெல்லாம் நாங்க பாக்கறதில்ல. முதல் தடவைன்னா மூணு மாசம், அப்புறம் வேலைக்கு வா. அவ்வளவுதான். ஆளுக்கொரு லெட்டர் கொண்டு வருவாங்க, இருமல் மருந்துன்னு, பல் டாக்டர்னு. ஃபைல்ல குத்தி வெச்சிடுவோம்."

ஐஸ்கிரீம் வந்தது. சாப்பிட்டேன். என்ன ருசி என்று கேட்டால் தெரியாது.

இதை ஸ்டெல்லாவிடம் ஒரு வருஷம் சொல்லவில்லை. இந்த அத்தியாயத்தை எழுதி, தாள்களை அவளிடம் நீட்டியபோதுதான் சொன்னதாயிற்று. வாராவாரம் அவள்தான் முதலில் படித்துப் பிழை திருத்துவாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். அந்த அதிகாரி வருகிற பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் பேனாவை எடுத்து, நான் ஆரஞ்சுச் சாறு என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டுச் சாத்துக்குடி என்று மாற்றினாள். வேறு எதையும் தொடவில்லை.

"மன்னிச்சிடு ஸ்டெல்லா" என்றேன். "இப்பவாவது ஊருக்குத் தெரியட்டும், நீ எதையும் கலக்கலன்னு."

அவள் தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

"ஊரு இன்னாத்துக்குங்க எனக்கு? பாபிக்குத் தமிழு பேசத்தான் வரும். படிக்கத் தெரியாதே."

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதற்கப்புறம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். தாள்களை மேசைமேல் வைத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு சந்தில் நடந்தேன். நாலே வீடு. மூன்று மணி தண்ணீர் லாரி எதிரே வந்தது. சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். லாரி போனதும் பாபி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கேப்டன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஸ்டெல்லா வீட்டுக்காரரு, பாபி" என்றேன்.